இருபத்தாறு பிளாப்பிகளும் ஒரு சந்தனக் கிண்ணமும்

போன மாதம் ஒரு சான்றிதழ் வாங்குவதற்காக, நான் ஓய்வு பெற்ற கல்லூரியின் கணினி மையத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்திருக்கும் பிரியா, என்னோடு பேசிக்கொண்டே ஒரு சர்வரின் டிஸ்க் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு நீலப் பட்டை. அதன் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தாள். பட்டை நீண்டது. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

"மேடம், நீங்க ஏன் கையக் கட்டிட்டு உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் இழுக்க ஆரம்பித்ததிலிருந்து என் இரண்டு கைகளும் மடியில் கோத்துக் கிடந்தன. காரணம் சொல்லத் தொடங்கினால் அவள் மதியச் சாப்பாடு ஆறிப்போகும் என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இதோ எழுதிவிட்டேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள் பிரியா.

எனக்கு ஊர் அன்னூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச்சில் யாரோ விண்ணப்பம் வாங்கிக் கொடுத்ததால் பாலிடெக்னிக் சேர்ந்தேன், தேறினேன். மூன்று வருடப் படிப்பில் நிஜக் கம்ப்யூட்டரைத் தொட்டது மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சிரித்துவிடுவேன். வேலை கற்றது எல்லாம் கோயமுத்தூர் கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில்தான்.

கடையின் முதலாளி வெங்கிடுசாமி சார். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியே கோயமுத்தூர்த் தமிழ். கீழே பட்டறைகளில் இரும்பு ராவுகிற தூசி எந்நேரமும் மிதக்கும். அது டிஸ்க்குக்குள் போனால் கதை முடிந்தது. அதனால் மாடிப்படி ஏறியதும் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சாருக்குச் சாதாரணமாக நான் "எஸ்தரு, இங்க வா"தான். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "ஏனுங்க எஸ்தருங்க, கொஞ்சம் இப்படி வாரீங்களா" என்று குரல் இறங்கி வந்தால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது தடுத்துப் பிரித்த ஒரு பகுதியை, பெரிதாக்க வேண்டும் என்றால் பட்டையைப் பிடித்து இழுக்கிற வித்தையெல்லாம் எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. உள்ளே இருப்பதை முழுக்க வெளியே எடுத்து வைத்து, பார்ட்டிஷன்களை அழித்து, புதிதாகப் போட்டு, ஃபார்மட் செய்து, எடுத்து வைத்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். அழிக்கிற நேரத்தில் அந்த மனிதரின் உழைப்பு முழுவதும் நம் கையிலிருக்கும் பிளாப்பிகளில் மட்டும்தான் உயிரோடிருக்கும்.

இதற்குச் சார் வைத்திருந்த முறை கோயில் பூசை மாதிரி. வரிசை மாறக்கூடாது. பிளாப்பிகளில் எடுக்கும்போது, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து எடுக்கும் பேக்கப் கட்டளையைத் தொடவே விடமாட்டார். "ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் போயிரும். சும்மா காப்பி பண்ணு. ஒண்ணு கெட்டா ஒண்ணோட போகட்டும்" என்பார். எடுத்த ஒவ்வொரு பிளாப்பியையும் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அழிக்கும் நாளன்று, அழிப்பதற்குச் சற்று முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் 'நிச்சயமா?' என்று மெஷின் கேட்கும்போது இரண்டு கையையும் மடியில் வைத்துப் பத்து எண்ண வேண்டும். அதன் பிறகுதான் ஒய் விசை. எனக்கு இது கிழவர்களின் பயமாகத் தெரிந்தது. இருபத்து மூன்று வயதில் எல்லாம் அப்படித்தான் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூசை நெருங்கும்போது சென்னிமலையிலிருந்து போன் வந்தது. அங்கே பெட்ஷீட் நெய்கிற நாற்பது தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். டிசைன் வரைய ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். குழுவின் செயலாளர் செல்லமுத்து அண்ணன்தான் பேசினார். "பெரிய டிசைனைத் திறந்தா மெமரி பத்தலைன்னு சொல்லுதுங்க. யாரையாச்சும் அனுப்புங்க" என்றார். சார் என்னை அனுப்பினார். தனியாக வெளியூர் போகிற முதல் வேலை.

டிசைன் வரைந்தவர் மரகதம் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் கணவர் பழனிச்சாமி தறி நெய்வார், இவர் குழுவின் அறையில் கம்ப்யூட்டரில் வரைவார். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனால் மவுஸைப் பிடித்தால் கட்டம் கட்டமாக அவர் போடும் வேகத்துக்கு என் கண் ஓடாது. டிசைனின் ஒரு வரிசைக்கு ஒரு அட்டை என்று துளை போட்டு, அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியில் மாட்டி நெய்வார்கள். ஆரம்பத்தில் கட்டத்தாளில் வரைந்து பிறகு ஏற்றினாராம். அப்புறம் நேராகத் திரையிலேயே வரையத் தொடங்கிவிட்டார். இரண்டு வருடத்தில் இருநூறுக்கும் மேலே. எதற்கும் தாள் கிடையாது.

"இதப் பாருங்க கண்ணு" என்று ஒன்றைத் திறந்து காட்டினார். டபுள் காட் விரிப்பு ஒன்றின் கால் பாகம். "மலைப்படிங்க இது. கீழ் மூலையில இருந்து மேல் மூலை வரைக்கும் படி ஏறிப் போவுது. நாலு துண்டாத்தான் வரைஞ்சு வெச்சிருக்கேன். நாலையும் சேத்து ஒண்ணா இந்த டப்பா காட்டமாட்டேங்குது. நானே வரைஞ்சேன், நான் முழுசாப் பாத்ததே இல்லீங்க." கரூரிலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரர் அந்த டிசைனைக் கேட்டிருந்தார். தீபாவளிக்கு முன்னால் மாதிரி காட்ட வேண்டும். அது பிடித்துவிட்டால் நாற்பது தறிக்கும் ஆறு மாத வேலை.

கோளாறு என்னவென்று அரை மணியில் தெரிந்துவிட்டது. அந்த மெஷினில் நினைவகம் நான்கு மெகாபைட். பெரிய படம் அதற்குள் அடங்காது. அடங்காததை டிஸ்க்கில் ஓரிடத்தில் இறக்கி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஸ்வாப் என்று பெயர். அந்த இடம் ஒரே தொடர்ச்சியாக இருந்தால்தான் வேகமாக நடக்கும். இந்த டிஸ்க்கையோ, பழைய டாஸ் காலத்துக் கணக்குப்படி மூன்று பார்ட்டிஷனாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றில் நான்கு மெகாபைட் காலி, ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து. மூன்று அறையிலும் மூலைக்கு மூலை இடமிருக்கிறது, ஆனால் ஒரு பந்தி போட இடமில்லை. சுவரை இடித்து ஒரே கூடமாக்க வேண்டும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் போய் இறங்கி, காலையிலிருந்து உட்கார்ந்து எல்லா டிசைனையும் காப்பி எடுத்தேன். அகலமான ஐந்தேகால் அங்குல பிளாப்பி, இருபத்தாறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

மாலையில் செல்லமுத்து அண்ணன் வந்தார். "அழிக்கற சோலிய பூசைக்கு முந்தி வேண்டாமுங்க அம்மணி. விஜயதசமிக்குக் காத்தால ஒம்போதே காலுக்கு நல்ல நேரம். புதுசா அப்பத் தொடங்கிக்கலாம். நாளைக்குத் தறி, கம்ப்யூட்டர் எதையும் தொடமாட்டோம், பூசை."

மரகதம் அக்கா பிளாப்பிப் பெட்டியைத் தடவி, "இதுகளுக்கும் சேத்துத்தானுங்க" என்றார்.

அந்த நொடியில் எனக்கு உள்ளே ஒன்று உறுத்தியது. பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், பூசையெல்லாம் மெஷினோடு போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் என்று நேர்மையாக எழுதுகிறேன். என் பெயர் எஸ்தர். வேதக்காரப் பெண் வந்தாள், பூசையில் குறை சொன்னாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்கினேன். அவர்கள் அப்படி நினைப்பவர்கள்தானா என்று யோசிக்கவே இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

விஜயதசமி காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறை முழுக்கச் சாமந்தி வாசம். மானிட்டருக்கு மாலை, சி.பி.யூ.வுக்கு மூன்று பட்டை விபூதி, விசைப்பலகை ஓரமாக ஒரு எலுமிச்சை. பிளாப்பிப் பெட்டியின் மூடி மேல் பூச்சரம். பத்துப் பதினைந்து பேர் கை கட்டி நின்றிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து மறுபடி படித்துப் பார்க்க வேண்டியதுதான் முறை. இருபத்தாறையும் படிக்க ஒரு மணி நேரமாகும்.

"நேரம் பத்தே காலோட முடியுதுங்க அம்மணி" என்றார் செல்லமுத்து அண்ணன். முந்தாநாள்தானே படித்துப் பார்த்தோம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கையை மட்டும் மடியில் வைத்துப் பத்து எண்ணினேன். அந்த ஒரு சடங்கில் குறை வைக்கவில்லை. பிறகு மூன்று பார்ட்டிஷனையும் வரிசையாக அழித்தேன். ஒன்றே ஒன்று போட்டேன். ஃபார்மட் செய்தேன். டாஸ் ஏறியது. பத்து மணிக்கெல்லாம் முடிந்தது. சுண்டல் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். விண்டோஸையும் டிசைன் மென்பொருளையும் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பிளாப்பிப் பெட்டியைத் திறந்தேன்.

பிளாப்பியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சதுரமான கறுப்பு உறை, அதற்குள் ஒரு மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு துவாரம் உண்டு. அது வழியாகத்தான் டிரைவ் தகட்டைத் தொட்டுப் படிக்கும். நம் விரல்கூடப் படக்கூடாத இடம். அந்தத் துவாரத்தில், இருபத்தாறு பிளாப்பியிலும், சரியாக நடுவில், ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

மரகதம் அக்கா விரதமிருந்து, தலைக்குக் குளித்து, காகித உறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பொட்டு வைத்து, திரும்ப உறையில் போட்டு அடுக்கியிருக்கிறார். "அந்த எடந்தானுங்க நெத்தியாட்டத் தெரிஞ்சுது" என்றார் சிரித்தபடி. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

விவரம் சொன்னேன். மரகதம் அக்கா சுவரோரம் போய் உட்கார்ந்தார். "நானே என்ற கையால செஞ்சுபோட்டனுங்களா?" என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு அது வசதியாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி சாருக்குப் போன் போட்டேன். "சார், இவங்க பிளாப்பி மேல சந்தனம் வெச்சுட்டாங்க சார்" என்று ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டார்.

"ஏனுங்க எஸ்தருங்க" என்றார். "அவங்க சாமி கும்புட்டாங்க. நீங்க என்ன பண்ணுனீங்க?"

பூத்துக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதுவிட்டேன். மறுபடி படித்துப் பார்க்கவில்லை என்று சொன்னேன். சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் குரல் மாறியது.

"சரி எஸ்தரு, அழுகையை நிறுத்து. டிரைவ்ல எதையும் போட்றாத, தேஞ்சுபோயிரும். மில்லுல ஒருக்கா காப்பி கொட்டுன பிளாப்பியைக் கழுவிப் படிச்சிருக்கேன். உறையோட ஓரத்தைப் பிளேடுல கிழிச்சு, தகட்டை வெளிய எடு. சோப்புத் தண்ணியில அலசி, காய வெச்சு, புது பிளாப்பியோட உறையில சொருகிப் படி. எந்தப் பக்கம் மேலன்னு அடையாளம் போட்டுக்க. சந்தனம் போகுமான்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா செய். முதல்ல போயி அந்த அம்மாகிட்ட யாரு தப்புன்னு சொல்லு."

திரும்பிப் போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அக்கா, பொட்டு வெச்சது தப்பில்லீங்க. அழிக்கறதுக்கு முந்தி நான் பெட்டியத் திறந்து பாத்திருக்கணும். எங்க சார் சொல்லிக் குடுத்ததை நான் செய்யலீங்க. முந்தாநாளே பெட்டியப் பூட்டுங்கன்னு சொல்ல நெனச்சேன். நான் வேதக்காரி, நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு சொல்லாம உட்டுட்டேன்."

மரகதம் அக்கா தலை நிமிர்ந்து பார்த்தார். "அட போ கண்ணு. சொல்லியிருந்தீன்னா பெட்டி மேல ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிருப்பனே" என்றார். பிறகு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார். "இப்ப என்ன பண்ணோணும், அதச் சொல்லு."

கழுவ வேண்டும் என்றதும் அறையின் முகமே மாறிவிட்டது. கம்ப்யூட்டர் என்றால் கை கட்டி நின்றவர்களுக்கு, அலசுவதும் காயவைப்பதும் பிறவித் தொழில். நான் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கப் போனேன். மரகதம் அக்கா தடுத்தார். "இந்தத் தண்ணி ஆகாதுங்க. உப்பு. காஞ்சா வெள்ள பூக்கும். சாயப்பட்டறையில மழத்தண்ணி புடிச்சு வெச்சிருப்பாங்க" என்று ஆளனுப்பினார். நான் ஒற்றி எடுக்கப் புதுத் துண்டை எடுத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டார். "புதுத்துணி பஞ்சு உடும். பழைய வேட்டி கொண்டாங்க." இந்த இரண்டும் எனக்குத் தெரியாது. எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தரவில்லை. சாருக்கும் தெரிந்திருக்காது.

பிளேடால் உறையைக் கிழிப்பது நான். தகட்டை நடுத் துவாரத்தில் விரல் நுழைத்துத் தூக்கி, சோப்புத் தண்ணீரில் அலசுவது அவர். தேய்க்கவே இல்லை. இழை அறுந்துவிடும் என்பது போல் தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றிச் சந்தனத்தைக் கரைத்தார். அறைக்குப் பின்னால் இருந்த பொடக்காளியில் நிழலாகப் பார்த்துக் கட்டிய பாவு நூலில் தகடுகளைக் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டார்கள். பழனிச்சாமி அண்ணன் விசிறியோடு பக்கத்திலேயே நின்று ஈ ஓட்டினார்.

மதியம் இரண்டு மணிக்கு முதல் தகட்டைப் புது உறையில் சொருகி டிரைவில் போட்டேன். விளக்கு எரிந்தது. டிரைவ் முனகியது. படிக்கவில்லை. தகட்டைப் புரட்டிப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு உறைக்க ஒரு நிமிடமானது. சரியாகத் திருப்பிப் போட்டதும் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மரகதம் அக்கா வாய்விட்டுப் படித்தார். மாம்பிஞ்சு ஒன்று, மாம்பிஞ்சு இரண்டு, கோலம் நாலு. பிள்ளைகளைப் பேர் சொல்லி எண்ணுவது போலிருந்தது.

மாலைக்குள் இருபத்தைந்து வந்துவிட்டன. ஒன்று மட்டும் கடைசி வரை மசியவில்லை. அதில் ஒன்பது டிசைன். "ஏழு ஏற்கெனவே தறியில நெஞ்சதுதானுங்க. எந்த ஊட்டுக் கட்டில்ல கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். விரிச்சு வெச்சு நூல் எண்ணிப் போட்டுக்குவேன்" என்றார் மரகதம் அக்கா. மீதி இரண்டு? "அது போகட்டும். அதவிட நல்லதா ரெண்டு போடறேன்."

எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, பன்னிரண்டு மெகாபைட் தொடர்ச்சியாக ஸ்வாப்புக்கு ஒதுக்கினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். "திறங்க அக்கா, உங்க மலைப்படியை" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

நான்கு துண்டையும் சேர்க்கச் சொல்லிவிட்டு அவர் கையை எடுத்துக்கொண்டார். டிஸ்க் விளக்கு விடாமல் சிமிட்டியது. நினைவகத்தில் அடங்காததை மெஷின் டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது, ஏற்றுகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மெமரி பத்தவில்லை என்ற பழைய பல்லவி வரவில்லை. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படம் வந்தது. முழு விரிப்பும் ஒரே திரையில்.

அழகாகத்தான் இருந்தது. மரகதம் அக்கா ஆனால் சிரிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் போய், நடுவில் ஒரு இடத்தில் விரல் வைத்தார். மேல் துண்டும் கீழ்த் துண்டும் சேர்கிற இடம். படி அங்கே ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது. கட்டங்களை எண்ணிப் பார்த்தார். நான்கு வரிசை விட்டுப் போயிருந்தது.

"எங்க ஊட்டுக்காரரு இதுக்கு மூணு தடவ மாதிரி நெஞ்சாருங்க" என்றார் என்னிடம், மெதுவாக. "மூணு தடவையும் இந்த எடத்துல துள்ளுச்சு. நாலு அட்டையக் கோக்காம உட்டுட்டீங்க, உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்லி மூணு தடவையும் பிரிக்க வெச்சேன். இனி பெரிய டிசைன் உங்களுக்கு வேண்டாம், வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு குழுவுலயும் சொல்லிப்போட்டேன். போன மாசத்துல இருந்து அவரு சின்னத் தறியில ஒத்தக் கட்டில் விரிப்புத்தான் நெய்யறாரு."

எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே பழனிச்சாமி அண்ணன், கழுவப் பயன்பட்ட அண்டாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். செல்லமுத்து அண்ணனும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டார் மரகதம் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. "உள்ள வந்து பாருங்க. நீங்க ஒரு அட்டையும் உடலீங்க. நாந்தான் நாலு வரிசைய உட்டுட்டேன்."

பழனிச்சாமி அண்ணன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி உள்ளே வந்தார். திரையில் முழு விரிப்பையும் மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தார். மனைவி விரல் வைத்த இடத்தையும் பார்த்தார். மூன்று தடவை பிரித்த மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திருத்தறதுக்கு எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டார்.

"அரை மணி நேரமுங்க."

"அப்ப போடு. நான் போயி பெரிய தறிக்குப் பாவு பூட்டறேன்."